ரேஸ் ஓட்டக் கத்துக்க ஃபாரின் போகணுமா? கோவையிலேயே வழி காட்டிய கரிவரதன்!

ராத்திரி நேரத்துல செங்கம் ரோடு காலியா இருந்தா, உங்க கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை அழுத்துதா? அந்த ரோட்டின் ஒரு பகுதி கிரிவலப் பாதை. பௌர்ணமி இல்லாத நாள்லயும் யாராவது வெறுங்காலோடு நடந்துட்டுதான் இருப்பாங்க. வேகத்தைப் பழக அது இடமே இல்லை. அப்போ எங்கே போய்ப் பழகுறது? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக்கியவர், கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக 'கரி'.

1954ல், மில் தொழிலில் இருந்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அவர் ரேஸுக்கு வந்த காலத்தில் நம்ம ஊர் பந்தயங்கள் நடந்தது, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழவரத்தில். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம்தான் அங்கே ட்ராக். ஃபாரினிலிருந்து காரை இறக்குமதி செய்யும் அளவுக்குப் பணம் இருப்பவர்கள் முன்னால் போனார்கள். மற்றவர்கள் ரோட்டில் ஓடும் காரையே பிரித்து, மாற்றி, ஓட்டிப் பார்த்தார்கள். முறையான பயிற்சி வேணும்னா வெளிநாட்டுப் பள்ளிதான்.

கரியும் நன்றாக ஓட்டக்கூடியவர். ஆனா தான் ஜெயிச்சா போதும்னு அவர் நிற்கலை. கோவையிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். 1988ல் வந்தது ஃபார்முலா மாருதி. ஒருவர் மட்டுமே உட்காரும் கார். டிரைவருக்குப் பின்னால், நம்ம தெருவில் ஓடிய அதே மாருதி 800ன் இன்ஜின்.

இதில் என்ன விசேஷம்? எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். இன்ஜினும் சின்னது. அதனால நேர்ரோட்டில் பணத்தை வைத்து முந்த முடியாது. எங்கே பிரேக் போடுறது, எந்தக் கோட்டில் வளைவுக்குள் நுழையுறது, எப்போ திரும்ப ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிறதுன்னு தெரிஞ்சவர்தான் முன்னால் வருவார். அந்த கார்தான் பள்ளிக்கூடம்!

1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ட்ராக் வந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கியது அங்கேதான், ஃபார்முலா மாருதியில். 2005ல் அவர் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அதைப் பார்க்க கரி இல்லை. 1995ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்டது கரி மோட்டார் ஸ்பீடுவே.

திருவண்ணாமலையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு மூணு, மூணரை மணி நேரம். செட்டிபாளையத்துக்கு இன்னும் அதிகமாகும். ரெண்டு இடத்திலும் பயிற்சி வகுப்புகள் நடக்கும். பணம் கட்டும் முன் மூணு விஷயம் கேளுங்க: ட்ராக்கில் எத்தனை நிமிஷம் நீங்களே ஓட்டலாம்? ஹெல்மெட், சூட் அவங்களே தருவாங்களா? ஓட்டி முடிச்சதும் பயிற்சியாளர் உட்கார்ந்து உங்க தப்பைச் சொல்வாரா? போட்டியில் இறங்கணும்னா தனி ரேஸ் லைசென்ஸும் வேணும்.

அங்கே கத்துக்கிற பிரேக்கிங், தூரத்தைப் பார்க்கும் பழக்கம் ரெண்டும் செங்கம் ரோட்டிலும் உதவும். வேகத்தை மட்டும் ட்ராக்கிலேயே விட்டுட்டு வாங்க!