லூசி வில்ஸ் அம்மையார்

கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரைகளை வழங்குதல் இன்று நம் நாடெங்கும் உள்ள வழக்கமாகும். கடையநல்லூர் முதலிய ஊர்களில் அம்மாத்திரையைப் பெற்றுச் செல்லும் தாய்மாருள் பெரும்பாலோர், அதற்கு வழிவகுத்த அம்மையாரின் பெயரை அறியார். அவர்தம் ஆராய்ச்சியின் ஒரு பகுதி நம் குன்னூரிலும் சென்னையிலும் நிகழ்ந்தது என்பதையும் அறிந்தோர் சிலரே.

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நில இயலும் பயின்றார். முதல் உலகப்போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் இருந்த அவர், அங்கே செவிலியராகத் தொண்டு புரிந்தார். பின்னர் இலண்டன் திரும்பி, பெண்களுக்கென நிறுவப்பெற்ற மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920-இல் மருத்துவரானார்.

அக்காலத்தே பம்பாயின் ஏழைப் பெண்கள் பலர் பேறுகாலத்தில் கடுஞ்சோகையுற்று மாண்டனர். அவர்களுடைய குருதியில் செவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. அதனை ஆராயும் பொறுப்பேற்று, 1928-இல் வில்ஸ் அம்மையார் பம்பாய் வந்தார்.

நோய்க்கிருமியே காரணமோ என்று முதலில் ஆராய்ந்தார், சான்று கிட்டவில்லை. பின்னர் அப்பெண்களின் குடில்களுக்கும் அடுக்களைக்கும் அவர் கருத்துச் சென்றது. அவர்கள் உண்டது யாது, உண்ணாதது யாது என வினவினார். காயும் கனியும் கீரையும் அவர்தம் உணவில் மிகவும் அருகியிருந்தன. அதனை ஒத்த உணவை விலங்குகளுக்கு அளித்துச் சோதிக்கலானார். பம்பாயின் கோடை வெப்பம் ஆய்வு விலங்குகளுக்கு ஒவ்வாமையால், 1929-இல் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திற்குப் பணியை மாற்றினார். 1931-இன் தொடக்கத்தில், மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என வழங்கிய சென்னைப் பெண்கள் மருத்துவமனையிலும் ஆய்வு நடத்தினார்.

உயிர்ச்சத்துகள் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தும் பயன் விளையவில்லை. இறுதியில், சோகையுற்ற குரங்கு ஒன்றிற்கு மார்மைட் என்னும் பண்டத்தை ஊட்டினார். அஃது ஈஸ்டிலிருந்து செய்யப்பெறும் கரிய பசை, மேனாட்டார் ரொட்டியில் தடவி உண்பது, விலையும் மலிவு. குரங்கு வியக்கத்தக்க வகையில் தேறியது! தாய்மார்க்கும் அதனையே அளித்தார். சாவின் வாயிலில் நின்றோரும் நலம் பெற்றனர். விலைமிக்க ஈரல் மருந்தை வாங்க வழியற்ற ஏழையர்க்கு இஃது எத்துணைப் பெரிய பேறு! இக்கண்டுபிடிப்பை 1931-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார்.

நலம் தந்த பொருள் யாதென அவராலும் அப்போது கூற இயலவில்லை. அறிஞர் அதனை ‘வில்ஸ் காரணி’ என்றனர். 1941-இல் அமெரிக்க ஆய்வாளர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் தேடியது அதுவே. அதனைச் செயற்கை முறையில் ஆக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார். தெருவில் விற்கும் கீரைக்கட்டில் அம்மருந்து என்றும் இருந்தது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது.

பணி ஓய்வு பெற்ற பின்னும் வில்ஸ் ஜமைக்கா, ஃபிஜி முதலிய தீவுகளுக்குச் சென்று, உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். 1964-இல் மறைந்தார். கருவுறும் முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொள்ளின், குழந்தைக்கு முதுகுத்தண்டில் நேரும் பிறவிக் குறைகளுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என 1991-இல் ஒரு பேராய்வு மெய்ப்பித்தது. அதனைக் காண அம்மையார் உயிருடன் இல்லை.