செடிகளின் மறுமொழியைக் கண்டவர்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவருடைய தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். உயர் பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். தந்தையோ, மகன் முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டும் என்று விரும்பி, அவரை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கு உழவர், மீனவர் வீட்டுச் சிறுவர்கள் கூறிய விலங்கு, பறவைக் கதைகள் அவருக்கு இயற்கையின்மீது பற்றை வளர்த்தன.

கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் பயின்ற போஸ், 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பணியேற்றார். இந்தியர் என்பதால் அவருக்குக் குறைந்த ஊதியமே அளிக்கப்பட்டது. அதனைப் பெற மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் கிடைத்தது.

வானொலி அலைகளை ஆராய்ந்த அவர், பிறகு தாவரங்களின் பக்கம் திரும்பினார். தொட்டால் சுருங்கும் செடி மட்டுமன்றி, கேரட் போன்ற எளிய தாவரங்களும் தூண்டலுக்கு மின் மறுமொழி தருவதை 1901இல் இலண்டனில் விளக்கினார். அறிஞர் சிலர் அதனை ஏற்கவில்லை. இராயல் கழகம் அவரது கட்டுரையை அச்சிடாமல் நிறுத்திவைத்தது. போஸ் மனம் தளரவில்லை. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கினார். 1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் அதே இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937இல் அவர் மறைந்தார்.

செடிக்குள் செய்தி செல்வதில் கால்சியத்திற்கும் பங்குண்டு என்பதைப் பிற்கால அறிவியலார் கண்டறிந்தனர். புழு ஓர் இலையைக் கடித்தவுடன் அங்குள்ள செல்களினுள் கால்சியம் பெருகுகிறது. அவ்வலை சில நிமிடங்களில் தொலைவிலுள்ள இலைகளையும் எட்டுகிறது. செல்களிலுள்ள சில புரதங்கள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு செய்தியை உணர்கின்றன. இலைகளும் தம்மைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகின்றன. நரம்பு இல்லாத செடிக்குள்ளும் செய்தி ஓடுகிறது என்று போஸ் காட்டிய வழி இன்றும் நீள்கிறது.

சொற்பொருள்

தூண்டல் – உயிரைச் செயற்படத் தூண்டும் புற நிகழ்வு
மறுமொழி – விடை. தூண்டலுக்கு ஏற்ப நிகழும் மாற்றம்
நிலுவை – கொடுபடாமல் நின்ற தொகை

வினாக்கள்

1. போஸ் ஊதியம் பெற மறுத்தது ஏன்?
2. புழு கடித்த செய்தி மற்ற இலைகளை எவ்வாறு அடைகிறது?
3. தாய்மொழிப் பள்ளி போஸுக்கு அளித்த நன்மை யாது?