பனிநாட்டு ஆசிரியர்

சென்னையின் தென்புறத்தே தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மார்கழி விடியல் சற்றே குளிரும். ஏரிக்கரைகளில் மூடுபனி படிந்திருக்கும். முதியோர் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வர். கதிரவன் மேலெழுந்ததும் அக்குளிர் நீங்கிவிடும். குளிர் என்னும் சொல்லுக்கு இங்கு வளரும் மாணவர் அறிந்த பொருள் இவ்வளவே. இதே சென்னையில் வளர்ந்த ஒருவர், ஏரிநீர் கல்லைப்போல் உறைந்துவிடும் ஓர் ஊரில் இருபத்தேழு ஆண்டுகள் குடியிருந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆசிரியப் பணியிலே கழித்தார். அவரே வானநூற் பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகைவண்டித் துறையில் கணக்குத் தணிக்கை அலுவலர். வயலின் இசையில் தேர்ந்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் பள்ளியில் நெடுநாள் பயிலாதவராயினும், நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்க்கும் அளவுக்குத் தாமே கற்றுயர்ந்தவர். மைந்தருக்குத் தமிழ் கற்பித்தவர் அவ்வம்மையாரே. ஒளிச் சிதறலை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் சந்திரசேகரின் சிற்றப்பா ஆவார். குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார்.

அவருக்கு ஒன்பது வயது நிரம்பியிருந்த காலத்தில், 1920 ஏப்ரலில், கணித மேதை இராமானுஜன் காலமான செய்தியைத் தாயார் நாளிதழில் படித்து மகனுக்குக் கூறினார். இங்கிலாந்தின் குளிரும், போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும், நோயும் இராமானுஜனின் உடலை நலிவுறச் செய்திருந்தன. கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் கேம்பிரிட்ஜ் சென்று உலகப் புகழ் ஈட்டினார் என்பது அச்சிறுவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அப்புகழுக்கு அவர் கொடுத்த விலையும் உடன் பதிந்திருத்தல் வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே கேம்பிரிட்ஜுக்குச் செல்லும் வாய்ப்பு சந்திரசேகருக்குக் கிட்டியது. அப்போது தாயார் நோயுற்றிருந்தார். அவரை விட்டுப் பிரிய மைந்தருக்கு மனம் ஒப்பவில்லை. உற்றார் பலரும் தயங்கினர். ஆயினும் மகன் தமக்கு மட்டும் உரியவன் அல்லன், உலகுக்கும் உரியவன் என்று கருதிய அவ்வம்மையார், போய்வருமாறு வற்புறுத்தி விடை கொடுத்தார். 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறிய அவ்விளைஞர், பயண நாள்களிலேயே ஒரு கணக்கில் ஆழ்ந்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் ஒன்று எந்த எடைவரை வெண்குறு மீனாய் நிலைத்திருக்க இயலும் என்பதே அக்கணக்கு. அதற்கு ஓர் எல்லை உண்டு என்று அவர் கண்டார். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர்ச் செம்மையாக வரையறுக்கப்பட்ட அவ்வெல்லை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. தாயாரை அவர் மீண்டும் காணவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் காலமான செய்தி கடல் கடந்து வந்து சேர்ந்தது.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்து 1933இல் டாக்டர் பட்டம் பெற்று, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் அமர்ந்தார். புலால் உண்ணாத நோன்பை அங்கும் கைவிடவில்லை. அந்நாளில் வானநூலார் யாவரும் தலைவராக மதித்த எடிங்டன் என்பார், அடிக்கடி அவ்விளைஞரின் அறைக்கு வந்து ஆராய்ச்சி எவ்வளவு முன்னேறியது என்று கேட்டுச் செல்வது வழக்கம். ஆனால் 1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் வானியற் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவைப் படித்தவுடன், எடிங்டன் எழுந்து அதனை நகைப்புக்கு இடமாக்கிப் பேசினார். அவையோர் சிரித்தனர். இருபத்து நான்கு வயதினர், அயல்நாட்டவர், எதிர்நின்றவரோ துறையின் முடிசூடா மன்னர். தம் கணக்கில் பிழையில்லை என்பதைச் சந்திரசேகர் அறிவார். எனினும் வாதிட்டுக்கொண்டே காலத்தைப் போக்க அவர் விரும்பவில்லை. தாம் கண்டவற்றை நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். எடிங்டன்பால் பகைமையும் பாராட்டவில்லை. 1944இல் அவர் மறையும்வரை இருவரும் நண்பர்களாகவே இருந்தனர்.

1936இல் சென்னைக்குத் திரும்பி லலிதா அம்மையாரை மணந்தார். மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பள்ளித் தலைமையாசிரியையாகவும் பணியாற்றியவர் அம்மையார். திருமணத்தை அடுத்து இருவரும் மேனாடு புறப்பட்டனர். அமெரிக்க நாட்டில் சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யெர்க்கிஸ் வானாய்வு நிலையத்தின் தலைவர் ஆட்டோ ஸ்டுரூவ் அவரைப் பணிக்கு அழைத்திருந்தார். கடுங்குளிர்க் காலமாகிய டிசம்பரில் அவர்கள் வில்லியம்ஸ் பே என்னும் அச்சிற்றூரை அடைந்தனர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெனீவா ஏரியின் கரையில் அவ்வூர் உள்ளது. 1897இல் திறக்கப்பெற்ற அந்நிலையத்துத் தொலைநோக்கியின் கண்ணாடிவில்லை நாற்பது அங்குல விட்டமுடையது. அவ்வகையில் உலகிலேயே பெரியது. குளிர்காலத்தில் அங்கு மரங்கள் இலையுதிர்ந்து கரிய கோல்களாய் நிற்கும். ஏரி உறைந்து, நடந்து செல்லத் தக்க தரையாகிவிடும். வெளியே செல்பவர் கம்பளி உடையின்மேல் தடித்த மேற்சட்டை, கையுறை, காதை மூடும் தொப்பி எல்லாம் அணிந்த பின்பே கதவைத் திறப்பர். தொலைநோக்கி அமைந்த குவிமாடத்துள் கணப்பு மூட்டவும் இயலாது. சூடான காற்று மேலெழுந்தால் விண்மீனின் உருவம் நடுங்கும். ஆதலின் இரவெல்லாம் வானை நோக்குவோர் அக்குளிரிலேயே நிற்பர். சந்திரசேகருக்குத் தொலைநோக்கியினும் தாளும் எழுதுகோலுமே கருவிகள். அவர் தம் மேசையருகே இருந்தார். நாள்தோறும் விடியலில் எழுந்து நெடுநேரம் கணக்கிடுவார். கருநிற உடையும் வெண்ணிறச் சட்டையும் அணிந்து வகுப்புக்குச் செல்வார். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து அச்சிட்டாற்போல் இருக்கும்.

இந்தியர் எவரும் அருகில் இல்லாத அச்சிற்றூரில் இல்லறத்தை நடத்திய பொறுப்பு லலிதா அம்மையாருடையது. தாமும் ஆராய்ச்சி செய்யலாம் என்றிருந்த எண்ணத்தை அவர் கைவிட்டார். மரக்கறி உணவை அந்நாட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சமைத்தார். கணவர் பதினைந்து மணி நேரம் அறைக்குள்ளே அமர்ந்திருக்கும் நாள்களில் வீட்டின் தனிமை அவருடையதாயிற்று. அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவர். வாழ்ந்தவர்க்கு அஃது ஒரு வரி அன்று.

குளிர் மட்டுமே அங்கு எதிர்ப்பட்ட இடர் அன்று. 1938இல் சிகாகோ நகரிலுள்ள பல்கலைக் கழக வளாகத்தில் வானநூல் வகுப்பு ஒன்றை நடத்துவோருள் ஒருவராக ஸ்டுரூவ் அவரைக் குறித்தார். அங்கிருந்த புலத் தலைவர் ஒருவர், நிறம் வேறான ஒருவர் கற்பிப்பதற்கு இசையவில்லை. செய்தி பல்கலைக் கழகத் தலைவர் ஹட்சின்ஸிடம் சென்றது. சந்திரசேகர் கற்பித்தே ஆக வேண்டும் என்று அவர் தயக்கமின்றி ஆணையிட்டார். வகுப்பு நடந்தது. பின்னாளில் வேறு பல்கலைக் கழகம் உயர்பதவி தர முன்வந்தபோதும் சந்திரசேகர் சிகாகோவை விட்டு நீங்கவில்லை.

1940களில் அவர் வாரந்தோறும் வில்லியம்ஸ் பேயிலிருந்து சிகாகோ வளாகத்துக்குக் காரோட்டிச் சென்று பாடம் நடத்தலானார். ஒருவழித் தொலைவே நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. தாம்பரத்திலிருந்து விழுப்புரத்தையும் கடந்து சென்று, வகுப்பு முடிந்ததும் திரும்பி வருவதற்கு ஒப்பானது அது. பனி கொட்டும் நாள்களில் சாலை எது, அதனை ஒட்டிய வயல் எது என்பது தெரியாது. உறைந்த தரையில் சக்கரம் வழுக்கும். அவ்வாறு ஒரு பருவத்தில் அவர் ஓட்டிச் சென்ற வகுப்பில் பதிவு செய்துகொண்டிருந்த மாணவர் இருவரே. லீ, யாங் என்னும் அவ்விருவரும் சீன நாட்டினர். மாணவர் தொகை குறைவு என்று காட்டி அவ்வகுப்பை நிறுத்திவிட யார்க்கும் தோன்றும். சந்திரசேகரோ இருவருக்கும் இருநூற்றுவருக்கும் ஒரே வகையாகப் பாடத்தை ஆயத்தம் செய்தார். 1957ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது. வகுப்பு முழுவதும் நோபல் பரிசு பெற்ற செய்தி கல்வியுலகில் வியப்புடன் பேசப்பட்டது. ஆசிரியர் அப்பரிசைப் பெற மேலும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

அவரிடம் ஆராய்ச்சி பயின்று டாக்டர் பட்டம் பெற்றோர் ஐம்பதின்மர் அளவில் உளர். அவர் பணி புரிந்த முறை தனித்தன்மை வாய்ந்தது. ஒரு துறையை எடுத்துக்கொள்வார், பல ஆண்டுகள் அதிலே மூழ்குவார், மாணவர்க்குக் கற்பிப்பார், முடிவில் அதனைத் தெளிவான ஒரு நூலாக்கிவிட்டு அடுத்த துறையில் புதிய மாணவரைப்போல் நுழைவார். விண்மீன் அமைப்பைப் பற்றிய நூல் 1939இலும், ஒளிக்கதிர்ப் பரவலைப் பற்றியது 1950இலும், பாய்மங்களின் நிலைப்பாட்டைப் பற்றியது 1961இலும் வெளிவந்தன. இவற்றிற்கிடையே 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழ் ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தார். பிறர் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதும் ஒருவகைக் கற்பித்தலே என்றாலும், பத்தொன்பது ஆண்டுகள் அதனைச் சுமப்பது எளிதன்று.

நாட்டைப் பிரிந்திருந்த வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை. 1953இல் அவரும் லலிதா அம்மையாரும் அமெரிக்கக் குடிமக்கள் ஆயினர். என்றேனும் மகன் தாயகம் திரும்புவான் என்று எதிர்பார்த்திருந்த தந்தையார்க்கு இது பெருந்துயர் அளித்தது. தந்தையின் மனம் புண்பட்டதை மைந்தர் அறிவார். தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுவே அத்துன்பத்தைக் கடிதாக்கியது.

எனினும் சென்னையோடு கொண்ட தொடர்பு அறுபடவில்லை. 1962 ஜனவரி 3ஆம் நாள், தாம் பயின்ற மாநிலக் கல்லூரியில், கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. பின்னர் அந்நிறுவனம் நகரின் தென்பகுதியாகிய தரமணிக்குச் சென்றது. இன்றும் அங்கே இளைஞர் பலர் கரும்பலகைமுன் நின்று கணக்கிடுகின்றனர். அவர்களிற் சிலர் சந்திரசேகரைப்போலவே பனிநாடுகளுக்கும் செல்கின்றனர்.

1964இல் அவர் வில்லியம்ஸ் பேயை விட்டுச் சிகாகோ நகரிலேயே குடியேறினார். வாரந்தோறும் செய்த நெடும்பயணம் ஓய்ந்தது, வகுப்புகள் ஓயவில்லை. 1983இல், அவருக்கு எழுபத்து மூன்று வயது நிரம்பிய பிறந்தநாளன்றே, நோபல் பரிசுச் செய்தி வந்தது. கப்பலில் தொடங்கிய கணக்கு அவையோர் சிரித்த நாளுக்குப் பின் அரை நூற்றாண்டு காத்திருந்து ஏற்பைப் பெற்றது.

முதுமையில் அவர் நியூட்டனின் பிரின்சிபியா என்னும் பெருநூலை எடுத்துக்கொண்டார். அதிலுள்ள ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிறுவிப் பார்ப்பார். பின்பே நியூட்டன் நிறுவிய வழியோடு ஒப்பிடுவார். எண்பது வயதைக் கடந்த பேராசிரியர் ஒருவர் முந்நூறு ஆண்டுகட்கு முந்தைய ஆசிரியரிடம் நாள்தோறும் வீட்டுப்பாடம் எழுதிய காட்சி அது. பொதுவாசகர்க்கென அவர் எழுதிய அவ்விளக்க நூல் 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் மாரடைப்பால் காலமானார். லலிதா அம்மையார் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து 2013இல் மறைந்தார்.

1999 ஜூலை 23ஆம் நாள் அமெரிக்க நாடு விண்ணில் செலுத்திய எக்ஸ் கதிர் வானாய்வு நிலையத்துக்குச் சந்திரா என்று பெயரிட்டனர். வில்லியம்ஸ் பேயிலும் சிகாகோவிலும் உடன் பணியாற்றியோர் அவரை அழைத்து வந்த பெயரும் அதுவே.