அலைக்குத் திசை சொன்ன ஆசிரியர்



கம்பியில்லாத் தந்தி என்றதும் மார்க்கோனி பெயரைச் சொல்லிவிடுவீர்கள். அவரோடு 1909-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பங்குபோட்டுக்கொண்டவர் யார் தெரியுமா? கார்ல் பெர்டினாண்ட் பிரௌன். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்!

ஜெர்மனியின் புல்டா என்ற ஊரில் 1850 ஜூன் 6-ஆம் நாள் பிறந்தார். பெர்லினில் படித்து 1872-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1874-இல் லைப்சிக் நகரத்துத் தோமஸ் பள்ளியில் ஆசிரியரானார். சிலவகைத் தாதுக் கற்களில் மின்சாரம் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்று அதே ஆண்டில் எழுதினார். பிற்காலத்தில் வானொலிப் பெட்டிக்கு அதுவே உதவியது. பிள்ளைகளுக்காக ஓர் அறிவியல் நூலும் எழுதினார்.

பிறகு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேராசிரியரானார். 1897-இல் அவர் செய்த கண்ணாடிக் குழாய்தான் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கெல்லாம் மூதாதை. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும் என்று விவரத்தை வெளியிட்டுவிட்டார். பெரிய மனசு பாருங்க!

அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி அனுப்பினால் அலை நாலு பக்கமும் சிதறிப் போகும். வேண்டியவருக்குக் கொஞ்சம், வேண்டாதவருக்கு மிச்சம். இதற்கு என்ன வழி? 1905-இல் பிரௌன் மூன்று கம்பங்களை முக்கோணமாக நட்டார். மூன்றிலும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை விடாமல், ஒன்றுக்கும் மற்றதற்கும் இம்மியளவு நேரம் தள்ளி விட்டார்.

குளத்தில் இரண்டு கல்லைப் போட்டுப் பாருங்கள். மேடும் மேடும் சேரும் இடத்தில் அலை உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் அடங்கிவிடும். அதே கதைதான் இங்கேயும். ஒரு திசையில் அலைகள் கைகோத்து வலுத்தன. எதிர்த்திசையில் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டன. எந்தக் கம்பம் முந்தும், எது பிந்தும் என்பதை மாற்றினால் போதும், திசையும் மாறும். கம்பத்தைப் பிடுங்கி நட வேண்டியதில்லை!

இன்று கைப்பேசிக் கோபுரங்களில் பல சிறிய வானலை வாங்கிகள் வரிசையாக நின்று, உங்கள் பக்கமாக அலையைத் திருப்புகின்றனவே, அதற்கும் இதுதான் அடிப்படை. ஒன்று தனியாகச் செய்ய முடியாததைப் பல சேர்ந்து, நேரம் அறிந்து செய்கின்றன.

1914-இல் காப்புரிமை வழக்கொன்றில் சாட்சி சொல்ல அமெரிக்கா போனார் பிரௌன். உலகப்போர் மூண்டிருந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. 1918 ஏப்ரல் 20-இல் நியூயார்க் புரூக்ளினில் காலமானார். கடல் கடந்து செய்தி போக வழி செய்தவர், கடல் கடந்து வீடு சேர முடியாமலே கண்ணை மூடினார்.

பிள்ளைகளே, இன்று பரிசு வாங்குகிறவர்களும் வாங்காதவர்களும் இதை நினைவில் வையுங்கள். பிரௌன் பெயரைப் பலர் மறந்துவிட்டார்கள். அவர் வேலை மட்டும் இன்னும் நம் கையில் பேசிக்கொண்டிருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எதையாவது பிரித்துப் போட்டு ஏன், எப்படி என்று கேட்டால், அதட்டிவிடாதீர்கள்.