மூன்றெழுத்தின் வரலாறு: டி. வி. சுந்தரம் ஐயங்கார்

உலகிற் பொருள் ஈட்டினோர் பலர். பெயர் ஈட்டினோர் சிலர். ஈட்டிய பெயரையே பின் வருவோர் முதலாக வைத்து வாணிகம் நடத்துமாறு விட்டுச் சென்றோர் மிகச் சிலர். அம் மிகச் சிலருள் ஒருவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவர்தம் பெயரின் மூன்றெழுத்துக்கள் இன்று மோட்டார் சைக்கிள்களின் மேற் பொறிக்கப்பட்டுத் தமிழ்நாட்டு வீதிகளிலன்றிக் கடல் கடந்த நாடுகளிலும் ஓடுகின்றன. அவ்வெழுத்துக்களை நாடோறும் காண்போர் பலராயினும், அவற்றிற்கு உரியவர் யாவர், மக்கள் அவற்றை நம்பத் தொடங்கியது எங்ஙனம் என்பவற்றை அறிந்தோர் நம்முள் மிகுதியாக இலர். ஆதலின் அப் பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து மாணவர்க்கு மார்க்கு என்னும் சொல்லை எவரும் விளக்க வேண்டுவதின்று. எழுத்தறியாத மூதாட்டியும் தீப்பெட்டியின்மேல் ஒட்டிய படத்தைக் கொண்டே தமக்கு வேண்டிய பெட்டியைக் கேட்டு வாங்குவார். கடைக்காரர் வேறொன்றை நீட்டின் ஏற்றுக்கொள்ளார். ஆயின் குச்சி ஈரம் பட்டு எரியாது ஒழியுமாயின், படம் எத்துணை அழகியதாயினும், அம்மூதாட்டியே மறுமுறை அதனை விரும்பார். எனவே, படம் நம்பிக்கையின் அடையாளமேயன்றி அதன் காரணம் அன்று. தீக்குச்சிக்குப் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதைத் தம் வாழ்க்கையால் நாட்டியவர் ஐயங்கார்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே, நம்பி கோயிலாற் புகழ்பெற்ற திருக்குறுங்குடி என்னும் ஊரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் இவர் பிறந்தார். இவர் பெயரின் முதலெழுத்தாகிய டி என்பது அவ்வூரைக் குறிப்பதேயாம். தம் மகன் வழக்கறிஞனாதல் வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். அவ்விருப்பத்தின் வழியே சட்டத்துறையை நாடிய சுந்தரம் ஐயங்கார், பின்னர் இரயில்வேயிலும் ஒரு பாங்கியிலும் அலுவல் பார்த்தார். திங்கள்தோறும் தவறாது சம்பளம் வரும் உத்தியோகத்தைப் பெறற்கரும் பேறாக மக்கள் எண்ணிய காலம் அது. ஐயங்காரோ அதனை உதறிவிட்டு, அந்நாளிற் பலரும் அறியாத மோட்டார்த் தொழிலிற் புகுந்தார். 1911-ஆம் ஆண்டில் மதுரையில் தம் பெயரால் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியபொழுது அவர்க்கு வயது முப்பத்துநான்கு.

யாவர்க்காக ஓட்டுவது?

அக்காலத்து மோட்டார் வண்டி, சமீன்தார்களுக்கும் துரைமார்களுக்கும் உரிய அணிகலன் போன்றிருந்தது. அவர்கட்குக் கார் விற்று ஊதியம் காண்பது எளிய வழி. ஐயங்கார் அதனை முற்றும் விலக்கினாரல்லர். பிற்காலத்தில் அமெரிக்கக் கார்களையும் லாரிகளையும் விற்கும் பெரிய முகவராகவும் அவர் நிறுவனம் விளங்கிற்று. ஆயினும் அவர் முதற்கண் நாடியது, கார் வாங்கும் செல்வரையன்று. சில அணாக்கள் கொடுத்துச் சந்தைக்கும் கச்சேரிக்கும் மருத்துவமனைக்கும் செல்ல விழைந்த நாட்டுப்புறத்து மக்களையே. அவர்கட்காகப் பஸ் ஓட்டினார்.

இத்தேர்வின் அருமையை நம் பக்கத்து நிலைமையே விளக்கும். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை, விருதுபட்டி என வழங்கிய விருதுநகரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொட்டுச் சென்றது. சிவகாசிக்கோ 1927-ஆம் ஆண்டில்தான் இரயில் வந்தது. இரயில் காணாத ஊர்களிற் பஞ்சும் மிளகாய் வற்றலும் மக்களும் ஒருங்கே மாட்டு வண்டியின் வேகத்திலேயே நகர்ந்தனர். தென்னாடு முழுதும் இத்தகைய ஊர்கள் எண்ணிறந்தன. அவ்விடைவெளியே ஐயங்கார் கண்ட சந்தை.

நேரமும் ஆணியும்

சந்தையைத் தேர்ந்துகொள்வது ஒன்று. அதனைக் காத்துக்கொள்வது மற்றொன்று. குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேர்வதை ஐயங்கார் தம் தொழிலின் உயிர்நிலையாகக் கொண்டார். அவர்தம் பஸ் வருவதைக் கொண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்பது இன்றும் மதுரைப் பக்கத்தில் வழங்கும் செய்தி.

இது சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. அந்நாளைய சாலைகளில் மாடுகளின் இலாடத்தினின்று கழன்ற ஆணிகள் எங்கணும் சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று டயரிற் பாய்ந்தால், பஸ் நடுவழியில் நின்றுவிடும், காலம் தவறும், பெயர் கெடும். இதற்கு ஐயங்கார் கண்ட வழி வியக்கத்தக்கது. காந்தம் பூட்டிய வண்டியொன்றைச் சாலையில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுப்பித்தார் என்பர். பயணிகள் அவ்வண்டியை ஒருபோதும் கண்டிராமல் இருக்கலாம்; பஸ் நேரத்திற்கு வந்தது என்பதை மட்டுமே அவர்கள் அறிவர். மார்க்கின்மேல் மக்கள் கொள்ளும் பற்று, இங்ஙனம் அவர் கண்ணிற் படாத உழைப்பிலேயே வேர் கொள்கிறது.

வண்டியை விற்பவன் அதனைப் பழுது பார்க்கவும் கடமைப்பட்டவன் என்பது அவர் கொள்கை. உதிரி உறுப்புக்களை விற்கும் நிலையங்களும், தேய்ந்த டயருக்குப் புதிய மேற்பட்டை இடும் தொழிற்சாலையும் இக்கொள்கையின் விளைவாகத் தோன்றியவை. இரண்டாம் உலகப் போரிற் பெட்ரோல் அருகியபொழுது, பஸ்களை நிறுத்திவிட்டு நல்ல காலத்தை எதிர்நோக்கி இருப்பது குற்றமாகாது. ஐயங்கார் நிறுவனமோ கரிவாயுக் கருவியைச் செய்தது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிற் பிறக்கும் வாயுவைத் தூய்மைசெய்து எஞ்சினுட் செலுத்துவதே அதன் முறை. பெட்ரோலின் வலிமை அதற்கு இல்லை. கரிப்புகையும் தொல்லையும் மிகுதி. ஆயினும் வண்டி ஓடிற்று. காத்திருந்த பயணிக்கு வேண்டியது அதுவேயன்றோ!

வழக்கத்தை அஞ்சாத உள்ளம்

தொழிலில் மட்டுமன்றி இல்லத்திலும் ஐயங்கார் வழக்கத்திற்கு அடிமையாகாதவர். இவர் மகளார் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை வீட்டின் மூலையில் இருத்துதல் அக்காலத்து வழக்கம். சௌந்தரமோ பெற்றோர் ஆதரவுடன் டெல்லி சென்று மருத்துவம் பயின்று 1936-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1940-ஆம் ஆண்டில் மறுமணம் புரிந்தார். 1947-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமம் என்னும் நிலையத்தைத் தம் கணவர் இராமச்சந்திரனுடன் நிறுவினார். நாட்டுப்புறத்தை நாடிய தந்தைக்கு நாட்டுப்புறத்தை நாடிய மகள் வாய்த்தார்.

1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் கொடைக்கானலில் ஐயங்கார் தமது எழுபத்தெட்டாம் வயதில் இயற்கை எய்தினார். அவர் மறையும்பொழுது அவர் நிறுவனம் ஒரு மோட்டார் சைக்கிளேனும் செய்ததின்று. அங்ஙனமாயின் இன்று இரு சக்கர வண்டிகளின்மேல் அவர் பெயர் பெறும் மதிப்பு எங்கிருந்து வந்தது?

பெயர் சென்ற வழி

ஐயங்கார் மறைந்த அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் என்பீல்டு நிறுவனத்துடன் சென்னை வணிகர் கூட்டுச் சேர்ந்து, புல்லட்டு என்னும் மோட்டார் சைக்கிளை நம் நாட்டிற் செய்ய முற்பட்டனர். அது படைக்கும் காவல் துறைக்கும் ஏற்ற கனத்த வண்டி; 350 கன சென்டிமீட்டர் எஞ்சின் உடையது. அதன் முழக்கத்தில் மனத்தைப் பறிகொடுத்தோர் இன்றும் பலர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1980-ஆம் ஆண்டில், ஐயங்காரின் வழிவந்தோர் ஓசூரில் இரு சக்கர வண்டி செய்யத் தொடங்கியபொழுது, அம்முழக்கத்தோடு போட்டியிட்டாரல்லர். இருவர் ஏறிச் செல்லத்தக்க, 50 கன சென்டிமீட்டர் எஞ்சினையுடைய மொபெட்டு ஒன்றையே வெளியிட்டனர். புல்லட்டை வாங்க இயலாத பால்காரரும் காய்கறி வணிகரும் சிற்றூர் ஆசிரியரும் அவர்கள் கண்ட சந்தை. சிவகாசி வீதிகளில் அட்டைக் கட்டுக்களையும் காகிதச் சுமைகளையும் சுமந்து செல்லும் அச்சிறு வண்டிகளைக் காண்போர், 1911-ஆம் ஆண்டின் பஸ்ஸையே அவற்றிற் காணலாம். அவ்வண்டி ஒரு நாள் நின்றால் உடையவர்க்கு அன்றைக் கூலி இல்லை. ஆதலின் அவர் மார்க்கின்மேல் வைக்கும் பற்று விளையாட்டுப் பற்று அன்று. வயிற்றோடு ஒட்டிய பற்று.

பந்தயத்திலும் இம்முறையே காணப்படுகிறது. மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு வகுப்புக்களாகப் பிரிக்கப்படும். சிறியது சிறியதோடு பொருதற்கே இப்பகுப்பு. அறிவுடைய உற்பத்தியாளர், தாம் விற்க எண்ணும் வண்டிக்கு அணித்தான வகுப்பையே தேர்வர். சப்பானியராகிய ஓண்டா 1959-ஆம் ஆண்டில் மான் தீவுப் பந்தயத்திற்கு முதன்முதல் வந்தபொழுது, பெரிய வகுப்பை நாடாது 125 கன சென்டிமீட்டர் வகுப்பிலேயே இறங்கினார். இரண்டே ஆண்டில், 1961-இல், அதிலும் 250 வகுப்பிலும் வெற்றி கொண்டார். கனத்த வண்டிக்குப் பழகிய அமெரிக்காவிலும் அவர் சிறிய வண்டியைக் கொண்டே வழி திறந்தார். ஓசூரார் 1982-ஆம் ஆண்டு முதல் பந்தயக் குழு ஒன்றை நடத்தி வருகின்றனர். சிறு எஞ்சின் வகுப்புக்களிற் பயின்ற பின்னரே, 2015-ஆம் ஆண்டில் தக்கார் என்னும் நெடும் பாலைவனப் பந்தயத்திற் புகுந்தனர்.

நிற்க. பெயருக்கு உண்மையான சோதனை வேறொரு வகையில் வந்தது. 1982-ஆம் ஆண்டில் சப்பானிய சுசுகி நிறுவனத்துடன் செய்துகொண்ட கூட்டு 2001-ஆம் ஆண்டில் முறிந்தது. அயல்நாட்டுப் பெயர் நீங்கியபின் மக்கள் கைவிடுவரோ என்று பலர் ஐயுற்றிருத்தல் கூடும். மூன்றெழுத்து மட்டும் எஞ்சிய அவ்வாண்டிலேயே தாமே வகுத்த வண்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர்; அடுத்த ஆண்டில் தரத்திற்கென வழங்கும் டெமிங் பரிசினைப் பெற்றனர். காந்த வண்டி ஓட்டிச் சேர்த்த நம்பிக்கை அன்று கைகொடுத்தது என்னல் மிகையாகாது.

முடிவுரை

மாணவத் தோழர்காள்! விடுதிகளில் நம்முள் எழும் மோட்டார் சைக்கிள் வழக்குக்களை நீவிர் அறிவீர். பந்தயத்தில் வென்ற மார்க்கே சிறந்தது எனக் கொண்டு, கடன்பட்டும் அதனை வாங்குவோர் உளர். பந்தயத்தில் ஓடுவது அதற்கென்றே ஆக்கப்பட்ட வண்டி. கடையில் நிற்பது வேறு. அவ்வெற்றி ஓட்டியவனுக்கும் எஞ்சினை வகுத்தவனுக்கும் உரியதேயன்றி, வாங்கியவனுக்கு உரியதன்று. காரணம் வினவாத பற்று மூடப்பற்றேயாகும்.

நம்முட் சிலர் நாளைத் தொழில் நடத்துவோராகவும் கூடும். அவர்கள் முதலில் எண்ணவேண்டியது எப்பெயரைச் சூட்டுவது என்பதன்று. யாவர்க்குத் தொண்டு செய்வது என்பதே. அதனைத் தெளிந்து, கண்ணிற் படாத ஆணிகளையும் நாடோறும் பொறுக்குவோர்க்குப் பெயர் தானே வரும். அவர் மறைந்த பின்னும் நிற்கும். இதற்கு, தான் நேரிற் கண்டிராத ஒருவர் பெயரை நம்பி இன்று காலையிலும் சிறு வண்டியில் வேலைக்குப் புறப்பட்ட ஏழைத் தொழிலாளியே சான்று.