லவாஸியேயும் வெடிமருந்தும்

நவீன ரஸாயன சாஸ்திரத்தின் தந்தையெனப் போற்றப்படும் லவாஸியே 1743-ம் வருஷம் பாரிஸ் நகரில் பிறந்தார். அக்காலத்தில் பிரெஞ்சு ராஜாங்கத்தின் வெடிமருந்து குத்தகைதாரர் கையிலிருந்தது. அவர்கள் நாடியது லாபம். மருந்தோ மட்டம், அளவும் போதாது. வெடிமருந்தின் உயிர் வெடியுப்பு. அது மிகுதியாகக் கிடைக்கும் பீஹாரோ, 1757-ல் நடந்த பிளாஸி யுத்தத்தின் பின் ஆங்கிலேயர் பிடிக்குள் சென்றுவிட்டது.

1775-ல் நிதி மந்திரி துர்கோ குத்தகையை ஒழித்தார். மருந்து நிர்வாகத்தை ஸர்க்காரே ஏற்றது. அதன் நான்கு அதிகாரிகளில் லவாஸியே ஒருவரானார். வெடியுப்பைச் சுத்தி செய்யும் முறையை அவர் திருத்தினார். உள்நாட்டிலேயே அதை உற்பத்தி செய்ய வழி காட்டினார். சில வருஷங்களில் மருந்தின் தரமும் அளவும் உயர்ந்தன. அமெரிக்கர் தம் சுதந்திர யுத்தத்தில் பயன்படுத்திய மருந்தில் பெரும்பகுதி பிரான்ஸ் அளித்ததே.

ஆனால் ராஜாங்க வரிவசூல் குத்தகையில் லவாஸியேயும் ஒரு பங்காளி. ஜனங்கள் வெறுத்த அக்குத்தகையே அவருக்கு யமனாயிற்று. 1794 மே 8-ந் தேதி, குத்தகைதாரர் 27 பேருடன் அவரும் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

தேச காரியத்தைத் தனியார் லாபத்துக்கு விடலாகாது என்பதற்கு அவருடைய பணியும் சான்று, முடிவும் சான்று.