ராணித் தேனீக்கு என்ன ஆச்சு? கண் தெரியாத ஒருவர் கண்டுபிடித்த விடை

செம்பூர் மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? கூட்டம் குறைந்துகொண்டே போனால் முதலில் ராணியைச் சந்தேகப்படுங்கள். அந்த ராணியின் ரகசியங்களை உலகுக்குச் சொன்னவர் பார்வையற்றவர் என்றால் நம்புவீர்களா?

பிரான்சுவா ஹூபர் 1750-ல் ஜெனீவாவில் பிறந்தவர். 15 வயதில் மங்கத் தொடங்கிய பார்வை, பின்னர் முழுவதும் போனது. மனுஷன் விடவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்வார். வேலையாள் பர்னன்ஸ் பார்த்துச் சொல்வார். புத்தகம் மாதிரி விரியும் பெட்டி ஒன்றையும் உருவாக்கினார். ராணி வெளியே பறந்துபோய்த்தான் இணைசேர்கிறது, அது ரொம்பத் தாமதமானால் ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும் என்று காட்டினார். 1792-ல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார், 1831-ல் மறைந்தார்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? ராணியைத் தேடி அலைய வேண்டாம், முட்டையைப் பாருங்க. அறைக்கு ஒரு முட்டை இருந்தால், கடந்த 3 நாட்களுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. வேலைக்காரத் தேனீ வளரும் சின்ன அறைகளின் மூடி குமிழ்போலப் புடைத்திருந்தால், அங்கே வளர்வது ஆண்கள், ராணியிடம் கோளாறு. ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், பெரும்பாலும் ராணியே இல்லை. வேலைக்காரத் தேனீக்கள்தான் முட்டையிடுகின்றன.

ராணி போய்ச் சில நாள்தான் ஆகிறதா? வேறு பெட்டியிலிருந்து புது முட்டையுள்ள அடையைக் கொடுங்கள். புது ராணியை அவையே வளர்த்துக்கொள்ளும்.